பெயர்ப்பலகையில் மிஞ்சிய பூங்கா

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே சாலையைக் கடந்தால் மின்சார ரயில் நிலையம் ஒன்று. மஞ்சள் பலகையில் ‘சென்னை பூங்கா’ என்று எழுதியிருக்கும். சற்றுத் தள்ளிப் பறக்கும் ரயிலுக்கு இன்னொரு நிலையம். அதன் பெயரிலும் பூங்கா உண்டு. தபால்காரருக்கும் அந்த வட்டாரம் பூங்கா நகர்தான், பின்கோடு 600003. “பார்க் வந்தாச்சு, எறங்கு” என்று தாம்பரம் வண்டியில் நாள் முழுக்க யாராவது யாரையாவது எழுப்பிக்கொண்டிருப்பார்கள். இறங்கிப் பார்த்தால் டிக்கெட் கவுன்ட்டர், சுரங்கப்பாதை, பழக்கடை, ஆட்டோ எல்லாம் இருக்கும். பூங்காவை மட்டும் காணோம்.

ஒரு காலத்தில் இருந்தது. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், இன்றைய ஜார்ஜ் டவுனின் நெரிசலில் புழுங்கும் ஜனங்களுக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்று அதையொட்டிப் பூங்கா ஒன்றைப் போட முனைந்தார். ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்று பெயர். 116 ஏக்கர். குளங்கள், வண்டி போக வளைந்த பாதைகள், பேண்டு வாத்தியத்துக்கு மேடை. சில ஆண்டுகளில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருந்த மிருகங்களும் இங்கே வந்து சேர்ந்தன. டிசம்பர் கடைசியில் ‘பார்க் ஃபேர்’ களைகட்டும்.

அப்புறம் நடந்ததைத் தேதிவாரியாகச் சொன்னால் போதும். 1880-களில் ஊருக்கு நல்ல அரங்கம் ஒன்று வேண்டும் என்று விக்டோரியா மண்டபம் எழுந்தது. 1900-இல் மூர் மார்க்கெட். 1913-இல் மாநகராட்சிக்கே தலைமையகமாக ரிப்பன் மாளிகை. விளையாட்டரங்கம் வந்தது. 1985-இல் மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிந்தது. அந்த இடம் ரயில்வேயின் புறநகர் முனையம் ஆயிற்று. எரிந்த கடைக்காரர்களுக்கு மாற்று இடம் தர வேண்டுமே, அல்லிக்குளம் இருந்த இடத்தில் வணிக வளாகம் கட்டினார்கள். குளம் போய், ‘அல்லிக்குளம் காம்ப்ளக்ஸ்’ என்ற பெயர் தங்கியது. அதே 1985-இல் மிருகங்களும் வண்டலூருக்கு லாரி ஏறின. இன்று பெரியமேடு பக்கம் ‘மை லேடீஸ் கார்டன்’ என்று ஒரு துண்டு பச்சை மிச்சம்.

இதில் எந்தக் கட்டடத்தையும் திருடன் கட்டவில்லை. நாடகம் பார்க்க அரங்கம், ஏழைபாழைகள் பழைய புத்தகம் வாங்கச் சந்தை, மாநகராட்சிக்கு அலுவலகம், பிள்ளைகள் ஓட மைதானம், லட்சக்கணக்கானோர் ஊர் போக ரயிலடி: ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. மூர் மார்க்கெட்டை நினைத்து இன்றும் கண் கலங்குகிறவர்களில் நானும் ஒருவன். நகரப் பூங்கா என்றதும் நமக்குக் கண்முன் வருவது வேலியை நகர்த்தும் ரியல் எஸ்டேட் ஆசாமியும் அவருக்குப் பின்னால் நிற்கும் அரசியல்வாதியும். அவர்கள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நூற்றைம்பது ஆண்டுக் கணக்கைப் புரட்டினால், பொது இடத்தை அதிகம் தின்றது பொதுக் காரியம்தான் என்று தோன்றுகிறது. திருடனைத் துரத்தச் சட்டம் இருக்கிறது. நல்ல காரியத்தோடு வருகிறவரிடம் பூங்காவுக்காக யார் வாதாடுவது என்பதில்தான் சிக்கல்.

கிண்டியும் இந்தக் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில். ஆளுநர் மாளிகையை ஒட்டிய வேட்டைக்காடு அது. 1950-களின் கடைசியில் ஐஐடிக்கு நிலம் தரப்பட்டது. இன்று 600 ஏக்கரைத் தாண்டும் அந்த வளாகத்தின் பெரும்பகுதி அந்தக் காட்டிலிருந்து வெட்டி எடுத்தது. காந்தி மண்டபம் வந்தது. பிறகு ராஜாஜிக்கு, காமராஜருக்கு என்று நினைவிடங்கள் வரிசையாக வந்தன. எஞ்சியதைத் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது கையில் இருந்தது சுமார் 270 ஹெக்டேர். ஐஐடி தன் மரங்களையும் மான்களையும் பெருமளவு காப்பாற்றி வைத்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வந்த விருந்தாளிகள் எல்லாருமே மோசமானவர்கள் இல்லை.

பெரிய பூங்காக்களை விடுங்கள். அவற்றைப் பற்றி எழுதப் பத்திரிகைகள் இருக்கின்றன. நான் குடியிருக்கும் மனைப்பிரிவு 1980-களில் போட்டது. அங்கீகரித்த வரைபடத்தில் தெருக்களுக்கு நடுவே பச்சை வண்ணம் தீட்டிய ஒரு செவ்வகம். உள்ளே ‘பூங்கா’ என்று எழுதியிருக்கும், 24 சென்ட். நாங்கள் குடிவந்தபோது அங்கே கருவேல முள்ளும் ஒரு வேப்பமரமும் இருந்தன. முதலில் தண்ணீர்த் தொட்டி வந்தது. குடிதண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்வார்? தொட்டிக்கு மோட்டார் அறை. பிறகு அங்கன்வாடி. பிறகு ரேஷன் கடை. அதுவரை ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்துகொண்டிருந்த பெண்கள் சந்தோஷப்பட்டார்கள், என் அம்மாவும்தான். மூலையில் ஒரு பிள்ளையார், முதலில் தகரக் கொட்டகையில், இப்போது கான்கிரீட்டில். மிச்சம் இருக்கும் ஏழெட்டு சென்டில்தான் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். தொட்டியின் தூண்தான் ஸ்டம்ப்.

எதிர்வீட்டுப் பெரியவர் அந்த வரைபடத்தின் நகலை லேமினேட் செய்து வைத்திருக்கிறார். அளவு டேப்போடு யார் வந்தாலும் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார். ஒருமுறை வந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: “ஐயா, சும்மாதானே கெடக்கு இந்த எடம்?”

“சும்மா கெடக்கல தம்பி. அது பார்க்கு.”

‘சும்மா கிடக்கிறது’ என்ற அந்த இரண்டு சொல்லில் எவ்வளவோ போய்விட்டது. நம் மொழியில் வெளிக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கிறது. மந்தை கூடிய இடம் மந்தைவெளி. பின்னாளில் அங்கே பேருந்து நிலையம் வந்தது, மாடு போயிற்று. ஊருக்குப் பொதுவான, தனியார் பட்டாவுக்கு அப்பாற்பட்ட நிலம் புறம்போக்கு. மேய்ச்சலுக்கு, களத்துக்கு, நீர்நிலைக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் புறம்போக்கு வருவாய்க் கணக்கில் உண்டு. அந்தச் சொல்லை நாம் வசவாக்கிவிட்டோம். எதற்கும் உதவாதவனைப் புறம்போக்கு என்று திட்டுகிற ஊரில், திறந்த நிலத்தைப் பார்க்கிற கண்ணும் அப்படித்தானே இருக்கும்.

அந்தச் சும்மா கிடக்கிற நிலம் என்ன செய்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். ஒரு ஏக்கர் மண்தரையில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது நாலு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் அளந்தால் முப்பத்துமூன்று லாரி. அதில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும்; தரையைச் சிமென்ட்டால் மூடிவிட்டால் அத்தனையும் தெருவுக்குத்தான் வரும், அங்கிருந்து நம் வீட்டு வாசற்படிக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாநகராட்சி இப்போது பூங்காக்களில் குளம் தோண்டி ‘ஸ்பாஞ்ச் பார்க்’ என்று பெயர் வைத்து மழைநீரைத் தேக்குகிறது. அல்லிக்குளத்தைத் தூர்த்த ஊர், பூங்காவுக்குள் மறுபடி குளம் வெட்டுகிறது.

*

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சிகள் தங்கள் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களைப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் ஏறிய இடத்தை அரசின் முன் அனுமதி இல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் அது பட்டியலை நம்பி நிற்கிறது, பட்டியலோ எழுத்தரை நம்பி நிற்கிறது. கதவைத் திறக்கிற சாவியையும் அரசின் கையிலேயே கொடுத்துவிட்டது. அரசே கட்ட நினைக்கும்போது அனுமதி கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டம் இன்னொரு பாதை. திட்ட வரைபடத்தில் ஓர் இடத்தைப் பூங்கா என்று குறிக்கலாம். ஆனால் அது தனியார் நிலமாக இருந்தால் குறித்தபடி மூன்று ஆண்டுக்குள் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் 38-ஆவது பிரிவின்படி அது விடுவிக்கப்பட்டதாகவே கொள்ளப்படும். நிலத்துக்காரர் பக்கம் பார்த்தால் இது நியாயம்: வாங்கவும் மாட்டேன், விற்கவும் விடமாட்டேன் என்று ஒருவர் நிலத்தைக் காலாகாலத்துக்கும் முடக்க முடியாது. ஊர்ப் பக்கம் பார்த்தால், பெட்டியில் பணம் இல்லாத உள்ளாட்சி வரைபடத்தில் தீட்டிய பச்சை மூன்று வருஷத்தில் காய்ந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இந்த மாதிரி இடத்தில்தான் வக்கீல்கள் வீடு கட்டுகிறார்கள்.

மூன்றாவது பாதை, நம் ஊரில் பெரிய சண்டைகள் நடப்பது, ஓஎஸ்ஆர். மனை போடுகிறவரோ பெரிய கட்டடம் கட்டுகிறவரோ திறந்தவெளிக்கென்று நிலத்தில் பத்து சதவீதம் ஒதுக்க வேண்டும் என்ற விதி. சென்னைப் பெருநகரில் 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் இது பொருந்தும். 10,000 வரை, நிலமாகத் தர இயலாவிட்டால் அரசு வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கு மேல் என்றால் நிலமாகத்தான், அதுவும் தானப் பத்திரம் பதிந்து. ஒரு ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்டு. பத்து ஏக்கர் திட்டத்தில் ஒரு ஏக்கர் போகிறது என்றால் கட்டுகிறவர் வயிறு எரியத்தான் செய்யும். ‘தானம் என்று பெயர் வைத்துப் பிடுங்குகிறீர்களே, இது சொத்துரிமைக்கு விரோதம்’ என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 பிப்ரவரியில் நீதிமன்றம் அதை ஏற்காமல், விதி செல்லும் என்று சொன்னது.

விதி செல்லும். ஆனால் தானமாக வந்த நிலம் எங்கே போகிறது? இதில் ஒரு ஓட்டை உண்டு, மிகச் சின்னது. ஆனால் ஆனைகள் போய்வருகிற அளவு. தானப் பத்திரம் பதிவது சார்பதிவாளர் அலுவலகத்தில். பட்டா மாற்றுவது வட்டாட்சியர் அலுவலகத்தில். முன்னது நடந்ததும் பின்னது தானாக நடந்துவிடும் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். நகராட்சி மனுப் போட மறந்துவிட்டால், வருவாய்க் கணக்கில் பழைய முதலாளி பெயரே நீடிக்கும். இருபது வருஷம் கழித்து வாரிசு ஒருவர் பட்டா நகலைக் காட்டி அந்த நிலத்தைத் துண்டு போட்டு விற்பார். வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். கணினிக்கு முந்தைய காலத்துப் பத்திரம் அதில் தெரியாமல் போகலாம். அவர் கடன் வாங்கி வீடு கட்டிக் குடிவந்த பிறகு ஊர் விழித்துக்கொள்ளும். இப்போது பூங்காவை மீட்க வேண்டுமென்றால் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்த வேண்டும். கோவையில் ‘ரிசர்வ் சைட்’ என்று சொல்லிப்பாருங்கள், டீக்கடையில் இருக்கிற நாலு பேரில் இருவருக்காவது இப்படி ஒரு கதை தெரிந்திருக்கும்.

நீதிமன்றங்கள் பூங்காவின் பக்கம் பலமுறை நின்றிருக்கின்றன. பெங்களூரு சதாசிவ நகர் வட்டாரத்தில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். ‘மருத்துவமனையும் பொது நன்மைதானே, உங்களுக்கு என்ன நஷ்டம்’ என்பது எதிர்வாதம். 1991-இல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டை ரத்து செய்தது: பூங்கா ஒரு நோக்கத்துக்காக ஒதுக்கப்பட்டது, அந்த நோக்கத்தை அதிகாரத்தில் இருப்பவர் விருப்பப்படி மாற்ற முடியாது, பக்கத்தில் குடியிருப்பவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. லக்னோவில் இன்னும் கடுமை. அமீனாபாதின் ஜண்டேவாலா பூங்கா சுதந்திரப் போராட்டக் கூட்டங்கள் நடந்த இடம். அதன் அடியில் குளிரூட்டிய கடைவீதி கட்ட மாநகராட்சியே ஒரு நிறுவனத்துக்கு இடம் கொடுத்தது. மேலே பூங்கா அப்படியே இருக்கும் என்றார்கள். கட்டுமானம் பெரும்பாலும் முடிந்த நிலையில், 1999-இல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் இடித்துப் பூங்காவைப் பழையபடி தரச் சொன்னது. இவ்வளவு செலவாகிவிட்டதே என்ற வாதம் எடுபடவில்லை.

இரண்டு வழக்கிலும் எதிரே தனியார் லாபம் இருந்ததைக் கவனிக்க வேண்டும். அரசே, அரசு நிலத்தில், அரசுக் காரியத்துக்காகக் கட்டும்போது நீதிமன்றத்தின் குரல் இவ்வளவு ஓங்குவதில்லை. மதுரைத் தமுக்கம் மைதானத்தில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மாநாட்டு மையம் எழுந்ததை நினைத்துப் பாருங்கள். மும்பை ஆரேயில் மெட்ரோ பணிமனைக்காக 2019 அக்டோபரில் ராத்திரியோடு ராத்திரியாக இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் சாய்ந்ததும், நீதிமன்றம் தடை மறுத்த கையோடுதான்.

*

இந்த இடத்தில் சிகாகோவில் நூறு வருஷத்துக்கு முன் நடந்த ஒன்று ஞாபகம் வருகிறது. 1836-இல் அந்த ஊருக்கு மனை பிரித்தபோது, ஏரிக்கரை ஓரத்தில் ஒரு பட்டையைக் காட்டி, இது என்றைக்கும் கட்டடம் இல்லாத பொதுவெளியாக இருக்கும் என்று வரைபடத்தில் எழுதிவைத்தார்கள். அவ்வளவுதான், ஒரு வரி. ஐம்பது ஆண்டு கழித்து அந்தப் பொதுவெளி குப்பைமேடாகக் கிடந்தது. நகரசபைக்கு ஆயிரம் திட்டம். தபாலில் சாமான் விற்றுப் பணக்காரரான மான்ட்கோமரி வார்டு என்பவரின் கட்டடம் அதற்கு எதிரே இருந்தது. 1890-இல் வழக்குப் போட்டார். பிறகு 1911 வரை விடவே இல்லை. நாலு முறை மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். கடைசிச் சண்டை ஒரு அருங்காட்சியகத்துக்கு எதிராக. அதற்கான பணத்தை மார்ஷல் ஃபீல்டு என்ற பெரும் வணிகர் உயிலில் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார், ஊரே அதை விரும்பியது. கலைக்கும் அறிவுக்கும் எதிரி என்று வார்டுக்குப் பெயர் வந்தது. தன் ஜன்னல் காட்சிக்காகத்தான் இந்த ஆட்டம் என்றும் ஏசினார்கள். இருக்கலாம். அந்த அருங்காட்சியகம் இன்னும் தெற்கே தள்ளிக் கட்டப்பட்டு 1921-இல் திறந்தது. இன்று உலகப் புகழோடு இருக்கிறது. கிராண்ட் பார்க்கும் இருக்கிறது. நல்ல காரியத்துக்கு வேறு இடம் தேடினால் கிடைக்கத்தான் செய்கிறது, தேட வைக்க ஒரு பிடிவாதக்காரர் இருந்தால். பிடிவாதக்காரர் சுயநலக்காரராக இருந்தாலும் பரவாயில்லை என்பது என் கட்சி.

நியூயார்க்கின் வழி வேறு. அங்கே பூங்கா நிலத்தை வேறு காரியத்துக்கு எடுக்க வேண்டுமென்றால் மாநகராட்சி முடிவு போதாது. மாநிலச் சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேற வேண்டும். வான் கார்ட்லாண்ட் பூங்காவுக்கு அடியில் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட மாநகராட்சி முனைந்தபோது, அடியில்தானே, மேலே திரும்பப் புல் போட்டுத் தருகிறோம் என்றது. குடிதண்ணீர் விஷயம். ஆனாலும் 2001-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், பல ஆண்டுகள் ஜனங்கள் நுழைய முடியாமல் போவதும் பூங்காவை எடுப்பதுதான், சட்டமன்றத்துக்குப் போங்கள் என்றது. போனார்கள், அனுமதியும் கிடைத்தது. ஆனால் அதற்குள் பிராங்க்ஸ் பகுதிப் பூங்காக்களுக்கு இருபது கோடி டாலர் அளவில் செலவிட மாநகராட்சி ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் பூங்காவை எடுக்காமல் தடுக்கவில்லை; இலவசமாக எடுக்கவிடாமல் தடுத்தது. இதை நம் ஊர் ஷெனாய் நகரோடு வைத்துப் பார்க்கலாம். அங்கே திரு.வி.க. பூங்காவை மெட்ரோ வேலைக்காக எடுத்துக்கொண்டு, பத்தாண்டுக்கும் மேல் கழித்துத்தான் திருப்பித் தந்தார்கள். வேலி போட்டபோது முதல் வகுப்பில் இருந்த பிள்ளை, திறந்தபோது பள்ளி இறுதியில் இருந்திருக்கும். அந்த ஊஞ்சலுக்கு யாரும் வாடகை கேட்கவில்லை.

பெர்லினில் பூங்காவை ஜனங்களே ஓட்டுப் போட்டுக் காப்பாற்றினார்கள். டெம்பெல்ஹோஃப் விமான நிலையம் 2008-இல் மூடப்பட்டு, ஓடுபாதை அப்படியே இருக்கப் பூங்காவாகத் திறந்தது. ஓரங்களில் 4,700 வீடுகளும் ஒரு பெரிய நூலகமும் கட்ட நகர அரசு திட்டம் போட்டது. 2014 மே மாத வாக்கெடுப்பில் சுமார் 64 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதன்பின் அந்த ஊரில் வாடகை ஏறிய ஏற்றத்தில், திரும்பவும் அந்தப் பேச்சு எழுந்துகொண்டே இருக்கிறது. வீடு கேட்கிறவர் தப்பாகக் கேட்கவில்லை. இந்த விவகாரத்தில் ஒரு வெற்றி ஒரு தலைமுறைக்குத்தான் வரும்.

*

பூங்கா தின்னப்படுவது வெளியிலிருந்து மட்டும் இல்லை. சுற்றுச்சுவரும் பெயர்ப்பலகையும் அப்படியே இருக்க, உள்ளே ஒன்றும் இல்லாமல் போவதும் உண்டு. மண்பாதையை எடுத்துவிட்டு டைல்ஸ். நிழல் இருந்த இடத்தில் உடற்பயிற்சிக் கம்பிகள், அடிக்கல் நாட்டியவர் பெயரோடு கிரானைட். பல ஊர்களில் நடுப்பகலில் பூட்டு. வெயிலில் வந்த கொரியர் பையனும் சித்தாளும் ஒதுங்க நினைக்கிற நேரம் அதுதான். காலை நடைக்காரர்கள் பூங்காவைக் காப்பாற்றுகிறார்கள் என்பது உண்மை. ‘கண்ட ஆட்கள்’ உள்ளே வரக் கூடாது என்று முதலில் மனுக் கொடுப்பதும் பெரும்பாலும் அவர்களே.

கதீட்ரல் சாலையைப் பாருங்கள். உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த அரசு நிலத்தில் 2010-இல் செம்மொழிப் பூங்கா வந்தது. 2024-இல் எதிர்ப்புறம், நெடிய வழக்குகளுக்குப் பின் மீட்ட ஆறு ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. ஜெமினி பாலத்தின் காலடியில், கிரவுண்டு விலை சொன்னால் தலை சுற்றுகிற இடத்தில், அரசு ஒரு கோபுரம் கட்டாமல் பூங்கா போட்டது பெரிய காரியம். ஆனால் கயிற்றில் தொங்கிப் போகும் ஜிப்லைன், கண்ணாடி வீட்டுச் செடிகள், இசை நீரூற்று, வாசலில் டிக்கெட் என்று அது ஒரு பொழுதுபோக்கு மையமாகவே பிறந்தது. கட்டணம் கட்டிப் போகும் இடத்தில் யாரும் சும்மா உட்காருவதில்லை. கொடுத்த காசுக்குப் பார்த்துத் தீர்க்கிறார்கள். அதே 2024-இன் பிற்பகுதியில், மாநகராட்சியின் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாருக்கு விட்டு, ஆடுகிறவரிடம் மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். வடசென்னைப் பையன்களின் கால்பந்தைத் தெரிந்தவர்கள் கொதித்தார்கள். சில நாளிலேயே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சூழலியல் பேசுகிற நாங்கள் அதை மெல்லத் தாண்டிப் போய்விடுவோம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்த குடும்பங்களைக் கரையை மீட்கிறோம், பசுமை ஆக்குகிறோம் என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பினார்கள். வேலை மந்தைவெளியில், வீடு இருபது கிலோமீட்டர் தள்ளி. அதே ஆற்றோரத்தில் பெரிய நிறுவனங்களின் கட்டடங்கள் அசையாமல் நிற்கின்றன. ஒருவர் வீட்டைப் பெயர்த்துப் போடும் பூங்காவில் உட்கார்ந்து காற்று வாங்க எனக்கு மனம் வரவில்லை. பூங்காவுக்கு நிலம் தேடுகிறவர்கள் முதலில் குடிசையைப் பார்க்காமல், அரசிடம் குத்தகை வாங்கி அனுபவிக்கிற பெரிய வளாகங்களைப் பார்க்கலாம்.

பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்பதுதான் சமீபத்திய சங்கதி. மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தயத் திடலில் 120 ஏக்கரைப் பொதுப் பூங்காவுக்கு எடுக்க 2024-இல் மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சென்னையில் கிண்டி ரேஸ் கிளப்புக்கு 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட 160 ஏக்கர் நிலத்தை, 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து அரசு எடுத்துக்கொண்டது. 118 ஏக்கரில் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறைக்கு ஒதுக்கினார்கள். வெள்ளம் வாங்கக் குளங்களும் வெட்டினார்கள். வழக்கு உடனே நீதிமன்றம் ஏறியது, அது தனிக்கதை. எனக்கு அந்த 118 என்ற எண்ணில்தான் கண் நிற்கிறது. பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கர். இரண்டு ஏக்கர் கூடுதலாக, நூற்று அறுபத்தைந்து ஆண்டு கழித்து, ஊர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. தெற்கே போகிற எல்லா வண்டியும் தாண்டிப் போகிற இடம். மெட்ரோ, மின்சார ரயில் இரண்டும் பக்கத்தில். அங்கே ஓர் அரங்கம் வேண்டும் என்று யாராவது கேட்க எவ்வளவு காலம் ஆகும்? மருத்துவமனை வேண்டும் என்று? கேட்கிறவர் நிச்சயம் நல்லவராக இருப்பார். சட்டமன்றத்தில் தனிச் சட்டம் போட்டாலொழிய இந்த நிலத்தில் ஒரு செங்கல்லும் வைக்க முடியாது என்று இப்போதே, புல் முளைக்கும் முன்பே எழுதிவிட வேண்டும் என்பேன். சிகாகோவில் அதற்கு ஒரு வரிதான் ஆயிற்று.

போன வாரம் எங்கள் தெருவுக்கு மின்வாரியத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கோடையில் லோ வோல்டேஜ் தாங்க முடியவில்லை என்று மனுக் கொடுத்ததே நாங்கள்தான். என் கையெழுத்து நாலாவது. புது டிரான்ஸ்ஃபார்மருக்கு இடம் பார்க்கிறார்கள். பத்துக்குப் பத்து போதும் சார், இந்த வேப்பமரத்தடி சும்மாதானே இருக்கு என்று ஒருவர் டேப்பைப் பிரித்தார். கிரிக்கெட் நின்றது. எதிர்வீட்டில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பெரியவர் வெளியே வந்து, டேப்பைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் வரைபடத்தை எடுத்துவர உள்ளே போனார்.